முன்கூட்டியே வெட்டி வைத்த சிகார்: தாங்குமா?

நண்பர் ஒருவர் அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கூர்க் போகிறார். கைவசம் கியூபா சிகார்கள்: பார்டகாஸ் சீரி டி நம்பர் 4 கொஞ்சம், மான்டெகிறிஸ்டோ நம்பர் 2 இரண்டு மூன்று. இவற்றின் தலை, அதாவது வாயில் வைக்கிற முனை, மூடியே வரும்; பிடிக்குமுன் கட்டரால் அதைக் கொஞ்சம் வெட்டித் திறக்கவேண்டும். "எல்லாத்தையும் வீட்டிலேயே வெட்டி எடுத்துட்டுப் போயிடலாமா? அங்க போய் யார் கட்டரைத் தேடுறது?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. வருஷக்கணக்காக நானே அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். இருந்தும் "தாராளமா வெட்டுங்க" என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது. புகையிலை உடம்புக்கு என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

என்னை இந்தப் பழக்கத்துக்குத் தள்ளியது விமானப் பயணம். கைப்பையில் கிடக்கும் கட்டரை ஓர் ஊரில் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்த ஊரில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது கத்தி. விரல் நுழைகிற வளையம், நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் பிளேடு என்று பார்த்தால் அவர் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. என்ன என்று விளக்கி, பின்னால் நிற்பவர்கள் முறைக்க, கடைசியில் தட்டில் போட்டுவிட்டு நடந்த நாட்கள் உண்டு. ஒரு ராத்திரி தங்குகிற வேலைக்கு யாரும் பெட்டியை செக்-இன் செய்ய மாட்டார்கள். போதாததற்கு, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை. வெளியூரில் உட்கார்ந்து பிடிக்க ஒரு மொட்டைமாடி கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். அந்த நேரத்தில் ஹோட்டல் சமையலறைக் கத்தியைக் கேட்டு வாங்கிச் சிகாரின் தலையை நசுக்க எனக்கு மனசில்லை. முந்தின ராத்திரியே வீட்டில் வெட்டிச் சிகார்ப் பெட்டியில் போட ஆரம்பித்தேன்.

இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் சொல்வது, ஈரம் போய்விடும், மணம் போய்விடும் என்பது. அவர்களை ஒரு சிகாரை எடுத்து அதன் அடியைப் பார்க்கச் சொல்வேன். பற்றவைக்கிற அந்த முனை செய்த இடத்திலிருந்தே திறந்துதான் வருகிறது. சிகாரின் பருமனை ரிங் கேஜ் என்று சொல்வார்கள். 50 ரிங் கேஜ் என்றால் ஓர் அங்குலத்தின் 64 பங்கில் 50 பங்கு, கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் குறுக்களவு. அவ்வளவு பெரிய வாய், ஈரப்பதம் காக்கிற சிகார்ப் பெட்டியான ஹியூமிடாருக்குள் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது, அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மறுமுனையில் அதைவிடச் சின்னதாக ஒன்றைத் திறந்தால் மட்டும் எல்லாம் பறந்துவிடுமா என்ன? பெட்டிக்குள் 65 சதவீத ஈரப்பதம் நிலையாக இருந்தால், உள்ளே இருக்கிற புகையிலையும் அந்தக் காற்றோடு ஒத்துப்போய் அங்கேயே நின்றுவிடும். கூடுதலாக ஒரு வாய் இருந்தால் அந்த நிலைக்குச் சற்றுச் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அதோடு, நம்ம பக்கத்து ஆட்கள் இதற்குப் பயப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கும். திருச்சி உறையூர்ச் சுருட்டு எத்தனை தலைமுறைப் பழக்கம்! இரண்டு முனையும் வெட்டினபடிதான் கைக்கு வரும். எடுத்தோம், பற்றவைத்தோம், கட்டர் என்ற பேச்சே கிடையாது. இத்தாலியின் டோஸ்கானோவும் இந்த ஜாதிதான். நடுவில் தடித்து இரண்டு பக்கமும் மெலிந்திருக்கும், நடுவே பாதியாக வெட்டிப் பிடிப்பது அங்கே சாதாரணம். வெட்டின பாதியையே டோஸ்கனெல்லோ என்று பெட்டியில் அடுக்கி விற்கவும் செய்கிறார்கள். ஆனால் இவை இரண்டும் உலர்வாகப் பிடிப்பதற்கென்றே செய்தவை, ஹியூமிடார் கேட்காதவை. கியூபா, நிகராகுவா சிகார் ஈரத்திலேயே செல்லமாக வளர்ந்த பிள்ளை. தவிர, அதன் தலையில் தொப்பி மாதிரி ஒரு துண்டு இலையைத் தாவரப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். மேலிலை பிரிந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தொப்பி. எனக்கு இதில் வருகிற பெரிய தலைவலி அதிலிருந்துதான் வருகிறது.

அதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும்.

இரட்டை பிளேடு கட்டரைத் திறந்து மேஜைமேல் தட்டையாக வைப்பேன். சிகாரைத் தலைகீழாக அந்த ஓட்டையில் இறக்கி, தலை மேஜையைத் தொட்டதும் சட்டென்று மூடுவேன். கட்டரின் தடிமனே அளவுகோல் ஆகிவிடுவதால் வெட்டு 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டச் சில்லு மேஜையில் கிடக்கும், தொப்பியின் விளிம்பு கீழே பத்திரமாக இருக்கும். மெதுவாக மூடினால் இலை நசுங்கும், அதனால் தயங்கவே கூடாது. பிறகு ஒரு தாளின்மேல் தலையைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினால் உதிர்கிற துணுக்குகள் அங்கேயே உதிர்ந்துவிடும். வெட்டுவதற்குமுன் தலையை வாயில் வைத்து நனைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. உடனே பிடிப்பதாக இருந்தால் சரி. வெட்டி மூடி வைக்கப்போகிற சிகாரில் எச்சில் ஈரம் இருந்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்தமாதிரி.

வெட்டியதும் பற்றவைக்காமல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த லாபம் இதுதான். கையால் உருட்டிய சிகாரில் எங்கேயாவது ஒன்று இறுக்கமாக அமைந்துவிடும். மொட்டைமாடியில் உட்கார்ந்தபிறகு அது தெரிந்தால் அந்தச் சாயங்காலமே போச்சு, கன்னம் குழிய உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டில் தெரிந்தால் வழி இருக்கிறது. இறுக்கமானதை, ஈரப்பதத்தை 62 சதவீதத்தில் நிறுத்துகிற போவெடா பொட்டலம் போட்ட டப்பாவுக்கு மாற்றிக் கொஞ்ச நாள் விட்டால், இலை சற்று வற்றிக் காற்றுக்கு வழிவிடும். அப்படியும் மசியவில்லை என்றால் விரலால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். பெயர் அச்சிட்ட காகிதப் பட்டைக்குக் கீழே எங்கேயாவது கட்டியாகத் தட்டுப்படும். நீளக் கம்பியை வெட்டுவாய் வழியாக உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தால், சில சமயம் ஊசிபோல ஒரு இலைக்காம்பு அதோடு வரும். அது வெளியே வந்தபிறகு இழுத்துப் பார்க்கும் சுகம் தனி. பயணப்பெட்டிக்குள் போகிறவை எல்லாம் இந்தப் பரீட்சையில் தேறியவை. முன்கூட்டி வெட்டத் தொடங்கியதிலிருந்து வெளியூரில் அடைத்துக்கொண்ட சிகார் என்று ஒன்றை நான் கையில் பிடித்ததில்லை.

ருசியைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நாளுக்குள் பிடித்தால் அப்போதே வெட்டியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பயணம் தள்ளிப்போய் வாரக்கணக்கில் கிடந்தவற்றில் முதல் சில இழுப்பு சப்பென்று இருந்தது, அதன்பின் சரியாகிவிட்டது. பாதி பிடித்து அணைத்ததைத் திரும்ப உள்ளே வைப்பது வேறு கதை. அதை மட்டும் செய்துவிடாதீர்கள், ஒரு துண்டின் கரிவாடை மொத்தப் பெட்டிக்கும் ஏறும்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன், முதலில் தூள்.

என் பயணப்பெட்டி கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே பள்ளம் பள்ளமாக ஃபோம், விளிம்பில் ரப்பர். வெட்டாத சிகார் அதில் இருந்தவரை ஃபோம் சுத்தமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு பள்ளத்தின் தலைப்பக்கமும் பழுப்புத் தூள். வெட்டியபின் எத்தனை தட்டினாலும், கார் குலுங்கி, பை குலுங்கி, அறுபட்ட இலை விளிம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. பெட்டியைத் திறந்தால் சட்டையில் விழுகிறது. பற்றவைத்தால் முதல் இழுப்பிலேயே நாக்கில் துணுக்கு. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. நீள இலைச் சிகாரிலேயே இந்தக் கதி, துண்டு இலை அடைத்ததை வெட்டி வைத்தால் அதோகதிதான்.

தூளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தொப்பி செய்கிற வேலைதான் தாங்க முடியவில்லை. வெட்டியபின் தலையைச் சுற்றி மீதமிருப்பது ஒரு மெல்லிய வளையம். அது ஃபோமில் உரசி உரசி ஓர் இடத்தில் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அடுத்த நாள் பார்த்தால் சின்னக் கொடி மாதிரி எழுந்து நிற்கும். உதட்டில் வைத்ததும் ஒட்டிக்கொண்டு உரியும், அதோடு மேலிலையும் சுருள் சுருளாகப் பிரிய ஆரம்பிக்கும். ஒரு கையில் நெருப்பு, இன்னொரு கையில் பிரியும் சிகாரை அமுக்கிக்கொண்டு பேச்சில் கலந்துகொள்வது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெக்டின் என்கிற தாவரப் பசைக் கரைசலைத் தொட்டு ஒட்டிப் பார்த்தேன். ஒட்டுகிறது. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுநாள் விமானத்துக்குத் துணி மடிப்பதை விட்டுவிட்டு சிகாருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும் மனுஷனைப் பார்த்து வீட்டில் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஊர்க்காற்றும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டியைத் திறந்து வைத்தால் தலை உப்பி வெட்டுவாய் இதழ் மாதிரி விரிகிறது. பெங்களூரில் மார்ச் மதியம் நேர்மாறு. பேச்சு சுவாரஸ்யத்தில் பெட்டியை மூட மறந்தால் முதலில் வறளுவது அறுபட்ட தலைதான். விரலால் லேசாக அழுத்தினாலே கீறல் விழும். மூடிய பெட்டிக்குள் 8 கிராம் போவெடா ஒன்று போதும், திறந்த பெட்டிக்கு எதுவும் போதாது.

நியாயமாகப் பார்த்தால் இதற்கெல்லாம் விடை பஞ்ச் என்கிற துளைக்கருவிதான். தலையின் நடுவில் வட்டமாக ஓட்டை போடுவதால் தொப்பியின் விளிம்பு முழுசாக நிற்கிறது. பிரிவதும் இல்லை, தூளும் மிகக் குறைவு. முன்கூட்டி வெட்டி வைக்கிறவருக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. எனக்கு அது பிடிக்காது. புகை ஒரே இடத்தில் குவிந்து சூடாக வருகிறது, போகப்போக ஓட்டையைச் சுற்றித் தார் கசந்து நிற்கிறது. பஞ்ச் பிடித்தவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

மான்டெகிறிஸ்டோ நம்பர் 2 வைத்திருக்கிற நண்பர் அந்தப் பக்கமும் போக முடியாது. கூர் முனையில் பஞ்ச் இறங்காது. கத்தரிக்கலாம் என்றாலும், கூர்முனைச் சிகாரின் அழகே முதலில் கொஞ்சம் வெட்டி, இழுப்புப் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டுவதில் இருக்கிறது. வீட்டிலேயே வெட்டி முடித்துவிட்டால் அந்தச் சலுகை போயிற்று. மெலிந்த முனையில் பிடிமானமும் குறைவு, பெட்டியில் குலுங்கினால் முதலில் சிதறுவது அதுதான். அவற்றை வெட்டி வைக்கவே வேண்டாம்.

பார்டகாஸை வெட்டி வைத்தால் கெடாது. ஈரம் நிற்கும், ருசி நிற்கும், இழுப்பை முன்னாலேயே சோதிக்கலாம். இத்தனைக்கும் பிறகு நான் "வெட்டுங்க" என்றுதான் சொல்லவேண்டும். சொல்ல மாட்டேன். போன வாரம் அதே பருமனில் நல்ல ரொபஸ்டோ சிகார் ஒன்று முதல் அங்குலத்திலேயே என் வாயில் உரிந்துபோன கடுப்பு இன்னும் தீரவில்லை. வரும் திங்கள் தில்லி போகிறேன், நாலு சிகாரை வெட்டி, தாளில் தட்டி, பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. அது என் தலையெழுத்து.

அவர் போவது கூர்க்குக்கு, அதுவும் சொந்தக் காரில். ஸ்கேனரும் கிடையாது, தட்டும் கிடையாது. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கட்டரை வாங்கி டாஷ்போர்டில் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதானே ஐயா!