பழனியில் கல்யாணம், மறுநாள் கொடைக்கானல்: விருந்தினருக்கான ஒருநாள் வேன் பயணம், ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டுப் பெண்ணின் திருமணம் பழனி அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சம்பந்தி வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்களில் பலர் மலை ஏறியே பார்த்ததில்லை என்று தெரிந்ததால், முகூர்த்தத்தன்று ஒரு குழுவும் மறுநாள் இன்னொரு குழுவும் கொடைக்கானல் போய்வர உள்ளூர்ச் சுற்றுலா நிறுவனம் ஒன்றில் பதினேழு இருக்கை வேன் ஒன்றைப் பேசியிருந்தோம். இரண்டு நாளும் அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே வாடகை. ஆனால் முதல் நாள் போனவர்கள் வாடி வதங்கித் திரும்பினார்கள். இரண்டாம் நாள் போனவர்கள் இன்றும் தொலைபேசியில் அந்தப் பயணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டு நாளும் உடன் போனவன் என்ற முறையில், பழனியில் கல்யாணம் வைத்திருக்கும் மற்ற வீட்டாருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருக்கைகள் சுத்தமாக இருந்தன. ஓட்டுநர் அந்த மலைப்பாதையிலேயே பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர். வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பி, மேலேறும் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஓர் இடத்தில்கூட அவசரப்படாமல் ஓட்டினார். கேட்ட இடத்தில் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை, நிறுவனம் கையில் கொடுத்த பட்டியலில் இருந்தது. ஒரே நாளில் பன்னிரண்டு இடங்கள் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள், நாங்களும் அதைப் பெருமையாக நினைத்து ஒப்புக்கொண்டோம். எழுபது வயது அத்தையும் மூன்று வயதுக் குழந்தையும் ஒன்றாகப் போகும் வண்டியில் பன்னிரண்டு முறை ஏறி இறங்குவது என்றால் என்னவென்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

முதல் நாள் பந்தி முடிந்து வண்டி கிளம்பும்போது மணி பதினொன்று. பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அதன் பிறகு சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாகப் பெருமாள்மலை வரை வளைவுகள்தான். வயிறு நிறையக் கல்யாணச் சாப்பாடும் இரண்டு வகைப் பாயசமும் சாப்பிட்டவர்களை அந்தப் பாதையில் ஏற்றியது எங்கள் தவறு. சவரிக்காடு வருவதற்குள் நான்கு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். மேலே போய்ச் சேரும்போது இரண்டு மணி கடந்திருந்தது, மூடுபனியும் இறங்கியிருந்தது. மலை விளிம்பில் நடந்தபடி பள்ளத்தாக்கைப் பார்க்கும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில், பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மண்டபத்திலிருந்து பட்டுப்புடவையோடு வந்த பெண்கள் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கவே தயங்கினார்கள். பட்டியலில் ஐந்து இடங்களை அவசரமாகப் பார்த்துவிட்டு இருட்டில் இறங்கினோம்.

அன்றிரவே ஓட்டுநரிடம் உட்கார்ந்து பேசி, மறுநாளுக்கான திட்டத்தை மாற்றினோம். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். வெறும் வயிறாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் சாப்பிடக் கூடாது என்று ஆளுக்கு இரண்டு இட்லி. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முன் இருக்கை. எல்லார் கையிலும் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால், அதை முன்கூட்டியே பதிவு செய்து அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கல்யாண வீட்டார் மறந்துபோகும் இன்னொன்று தண்ணீர்ப் பாட்டில். மண்டபத்தில் மீந்த சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பெட்டியோடு வண்டியில் ஏற்றிவிடுவோம், ஆனால் மலைக்கு அவை ஆகாது. முதல் நாள் சோதனைச் சாவடியில் அதற்காகவே நின்றோம். இரண்டாம் நாள் எவர்சில்வர் குடங்களில் தண்ணீர் கொண்டுபோனோம்.

இடங்களில் நான் முதலிடம் தருவது குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு. பழனியில் நடந்த கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த மலையில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஏரியிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவ நெறியைத் தழுவி, லீலாவதி என்று பெயர் பூண்ட மேல்நாட்டு அம்மையார் 1936-இல் எழுப்பிய கோயில் இது. இன்று பழனிக் கோயிலின் நிர்வாகத்தில் இருக்கிறது. வானம் தெளிந்த காலையில் கோயிலின் வடபுறம் நின்றால் கீழே பழனியும் தண்டாயுதபாணி நிற்கும் குன்றும் தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பா முழங்கால் வலியால் முந்தைய நாள் விஞ்ச் எனப்படும் இழுவை ரயிலில்தான் பழனி மலைக்கோயிலுக்குப் போயிருந்தார். அந்தக் குன்று இங்கிருந்து உள்ளங்கை அளவில் தெரிவதைக் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பியபடி வெகுநேரம் நின்றார். கோயிலைச் சுற்றிக் குறிஞ்சிச் செடிகள் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018-இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். அந்த ஆண்டு குடும்பத்தோடு திரும்பி வர வேண்டும் என்று மணமக்களிடம் அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

கோக்கர்ஸ் வாக் அடுத்தது. 1872-இல் அமைத்த இந்த ஒரு கிலோமீட்டர் நடைபாதையில் ஏற்றம் அதிகமில்லை, பெரியவர்களும் நடக்கலாம். ஆனால் பனி ஏறுவதற்கு முன், காலையிலேயே போய்விட வேண்டும். அதன் பிறகு ஏரி. 1863-இல் வெட்டிய இந்த ஏரியைச் சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். இளையவர்கள் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றட்டும், மற்றவர்கள் படகில் போகட்டும், எதுவும் வேண்டாதவர்கள் கரையில் உட்காரட்டும்; எங்கள் பெண்கள் சுடச்சுட மக்காச்சோளம் தின்றபடி இரண்டு வீட்டுக் கதைகளையும் பேசித் தீர்த்தது அங்கேதான். ஏரியை ஒட்டியே இருக்கும் பிரையண்ட் பூங்காவைக் குழந்தைகளுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு போதும். தூண் பாறை அழகுதான், ஆனால் மூடுபனி நாளில் அந்தத் தூரம் போய்வருவது வீண். குகைகளும் பைன் காடும் கூட்ட நாட்களில் வண்டி நிறுத்தவே நேரத்தைத் தின்றுவிடும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் விருந்தினர் கூட்டத்தோடு அதை நம்பிக் கிளம்பக் கூடாது. கல்லூரியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு பாய்வதை 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டறிந்த சூரிய ஆய்வகம் இங்குதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் அதற்காகவே தனியாக இன்னொரு முறை வரப்போகிறாள்.

வாங்கிப் போவதற்கு மலைப்பூண்டு நல்ல பொருள்; 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, மணமும் காரமும் கூடியது. இறங்கும்போது கீழ்மலைப் பகுதியில் மலைவாழைத் தோட்டங்களைப் பார்க்கலாம். தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த பஞ்சாமிர்தத்துக்கு ஆதாரமான விருப்பாட்சி வாழை இம்மலைச் சரிவுகளுக்கு உரியது என்று ஓட்டுநர் காட்டியபோது வண்டியே ஒருபக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

மேலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே வரதமாநதி வந்து சேர்ந்தால், இரவுப் பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் மண்டபத்தில் குளித்துச் சாப்பிட்டுப் பெட்டி கட்ட நேரம் இருக்கும்.