முதல் மாதத்தில் நம்பிக்கை: வாக்குறுதி கொடுப்பதா, முன்கூட்டிச் சொல்வதா?

புதிதாகச் சேர்ந்தவர் தன் ஃபிட்னஸ் டிரெய்னரை நம்பலாமா என்று பார்ப்பது முதல் சில வாரங்களில்தான். அந்த நம்பிக்கையைப் பெற இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "ஒரு மாசத்துல பத்து கிலோ குறைச்சுக் காட்டறேன்" என்று அடித்துச் சொல்லி, கூடவே நாலு பேரின் முன்-பின் படங்களைக் காட்டுவது. இன்னொன்று, வரும் நாட்களில் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. சான்றிதழ் இரண்டு பேருக்குமே வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் சுவரில் அது மாட்டியிருக்கிறது என்பதற்காக யாரும் தன் முழங்கால் வலியை மனம்விட்டுச் சொல்லிவிட மாட்டார்கள்.

வாக்குறுதிக்கு ஒரு பலம் உண்டு. தயங்கி நிற்பவரைச் சட்டென்று சேர வைக்கும். முதல் வாரத்தில் எடை மெஷினும் ஒத்துழைக்கும். சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு குறைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருப்பதால், அதுவும் வெளியேறிவிடும். எடை மளமளவென இறங்க, இரண்டு பேருக்கும் சந்தோஷம். சிக்கல் அடுத்த வாரங்களில்தான். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதைத்தான் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். பத்து கிலோ என்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். முள் நகராமல் நின்றதும், டிரெய்னர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் நினைப்பார்கள். பலர் தப்பு தன் மேல்தான் என்று கூசிப்போய், போனைக்கூட எடுக்காமல் விலகிவிடுவார்கள். இதுதான் எனக்கு அதிக வருத்தம்.

இப்போது முன்கூட்டிச் சொல்லும் டிரெய்னரைப் பாருங்கள். முதல் நாள் ஒரு பெண் இரண்டு செட் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) முடித்ததும் அவர் சொல்வது இவ்வளவுதான்: "நாளைக்குத் தொடை பிடிக்கும். நாளை மறுநாள் இன்னும் கூடலாம், படி இறங்கும்போது தெரியும். சில நாள்ல தானா சரியாயிடும். ஆனா மூட்டுக்குள்ள குத்தற மாதிரி வலிச்சா எனக்குச் சொல்லுங்க. சிறுநீர் கறுத்துப் போச்சுன்னா காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க." இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறார். வலி இருக்கிறது, பயம் இல்லை. சொன்னது சொன்னபடி நடக்கிறதே என்ற எண்ணம்தான் வருகிறது. அதே வலி, யாரும் எதுவும் சொல்லாமல் வந்திருந்தால், அடுத்த வகுப்புக்கு அவர் வருவது சந்தேகம்தான்.

"முதல் சில வாரத்தில் தூக்கும் எடை கூடும், கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது" என்பதும் அப்படிச் சொல்லி வைக்க வேண்டியதுதான். ஆரம்பத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் தசைகளை இயக்கப் பழகுவதால் வருவது. தசை வளர்வது கண்ணுக்குத் தெரிய நாளாகும்.

சரி, இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி தொடங்கும் முன் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள, கனடாவில் 1970களில் உருவான பார்-க்யூ (PAR-Q) கேள்வித்தாள் இன்றும் மேம்பட்ட வடிவில் பயன்படுகிறது. இதயக் கோளாறு, நெஞ்சு வலி, தலைச்சுற்றல், மூட்டுப் பிரச்சினை என்று அடிப்படையான விஷயங்களைக் கேட்கும். கையெழுத்து வாங்கிக் கோப்பில் செருகுவதற்கான தாள் இல்லை அது. 'ஆம்' என்று ஒரு பதில் வந்தால், எதிரே உட்கார்ந்து, எப்போதிலிருந்து, என்ன செய்யும்போது என்று விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டால் அன்றைக்குப் பயிற்சியே இல்லாமல் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். முதல் நாளே வியர்வையில் குளிப்பாட்டி அசத்த நினைப்பவருக்கு இதற்கெல்லாம் பொறுமை இருப்பதில்லை.

முன்கூட்டிச் சொல்பவரிடமும் ஒரு குறை வரலாம். எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று தோன்றும். அதனால் தன் கையில் இருப்பதை அவர் அழுத்தமாகவே சொல்லலாம்: "ஆறு மணிக்கு இங்க இருப்பேன். ஒவ்வொரு வாரமும் உங்க கணக்கை எழுதி அனுப்புவேன்." அப்புறம் அதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

முன்கூட்டிச் சொன்னதும் சில சமயம் பொய்த்துப்போகும். அப்போது, "நான் நினைச்ச மாதிரி நடக்கல, திட்டத்தை மாத்திப் பார்ப்போம்" என்று அவரால் நேராகச் சொல்ல முடியும். பத்து கிலோ என்று சொன்னவர் கடைசியில் கிளையன்ட்டின் சாப்பாட்டைக் குறை சொல்வதில்தான் போய் நிற்பார்.