போட்டோ பேப்பர்: கலர் நிக்கிறது எதுல, வெளுத்துப்போறது எதுல

கடையில போட்டோ பேப்பர் கேட்டா முதல் கேள்வியே எத்தனை ஜிஎஸ்எம்ங்கிறதுதான், 180, 230, 260னு பாக்கெட்டை அடுக்கிடுவாங்க. நான் சில வருஷமா இங்க் டேங்க் பிரிண்டர்ல, ஆறு கலரும் டை இங்க் (சாயம் அப்படியே கரைஞ்சிருக்கிற இங்க்), குடும்ப போட்டோ, தாத்தா காலத்து பிளாக் அண்ட் வொய்ட் ஸ்கேன்லாம் அடிச்சுக்கிட்டு இருக்கேன். பாத்தவரைக்கும் கலர் நிக்கிறதுக்கும் ஜிஎஸ்எம்முக்கும் சம்பந்தமே இல்லங்க. அது ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, அவ்ளோதான். மேல இருக்கிற கோட்டிங், உள்ள போற இங்க், மாட்டி வைக்கிற இடம், இது மூணுதான் விஷயம்.

விலை கம்மியா வர்ற 180 கிளாஸி இருக்கே, பின்பக்கம் சாதா பேப்பர் மாதிரி இருக்கும், அதை பிரிட்ஜ் மேல திறந்தபடி ஒட்டுனா கொஞ்ச மாசத்துலயே நீலம் போயி முகமெல்லாம் செவந்துடுது, மழைக்காலத்துல ஓரம் வேற சுருண்டுக்குது. ஆனா அதே பாக்கெட்ல அதே நாள் அடிச்சு கண்ணாடி பிரேம்ல போட்டது இன்னும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுமே வெயில் படாத இடம், அப்போ வெயில் மட்டும் வில்லன் இல்ல. இப்ப வர்ற கிளாஸி பேப்பர் முக்காவாசி மைக்ரோபோரஸ், கண்ணுக்கு தெரியாத ஓட்டை ஓட்டையா இருக்கிறதாலதான் இங்க் உடனே காயுது, அதே ஓட்டை வழியா காத்துல இருக்கிற ஓசோனும் உள்ள போயி டையை அரிச்சுடுது.

ஓரம் சுருளுற தொல்லைக்காக இப்ப ஆர்சி (ரெசின் கோட்டட்) பேப்பர்தான் வாங்குறேன். ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு, ஸ்டுடியோ பிரிண்ட் மாதிரியே கையில நிக்கும், சுருளல. ஆனா இதுவும் டை இங்க்னா திறந்து வைக்கக்கூடாது, கண்ணாடியோ ஆல்பமோ கண்டிப்பா வேணும். ஆல்பம்னா பாலிப்ரோப்பிலீன் கவர் பாருங்க, பிவிசி வாசனை அடிச்சா அப்படியே வச்சுட்டு வந்துடுங்க.

ரொம்ப பளிச்னு வெள்ளையா இருக்கிற பேப்பர்ல எனக்கு நம்பிக்கை இல்ல. கள்ளநோட்டு பாக்குற யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, நீலமா ஜொலிச்சா வெளுப்பு கெமிக்கல் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், நாளாக நாளாக அதோட வேலை தீந்துபோயி பேப்பர் மஞ்சளா தெரிய ஆரம்பிக்கும்.

பரம்பரைக்கும் இருக்கணும்னா ஹானமூலேங்கிற ஜெர்மன் கம்பெனியோட போட்டோ ராக் மாதிரி 308 ஜிஎஸ்எம் முழு காட்டன் பேப்பர், அதுவும் பிக்மென்ட் இங்க்ல (கரையாத பொடிப்பொடி கலர் துகள் இருக்கிற இங்க்). நம்ம டை பிரிண்டர்ல அதைப் போடுறது காசுக்கு கேடு, பிக்மென்ட் பிரிண்டர் வச்சிருக்கிற லேப்ல கொடுத்து ரெண்டே ரெண்டு முக்கியமான படத்தை மட்டும் அடிச்சுக்கலாம், மத்ததுக்கு ஆர்சி போதும்.

அப்புறம், அடிச்ச சூட்டோட பிரேம் போடாதீங்க, மேல ஒரு வெள்ளைத்தாள் போட்டு 24 மணி நேரமாச்சும் காய விடுங்க, இல்லன்னா கண்ணாடி உள்பக்கம் பனி மாதிரி படிஞ்சுடும். பிரேம் கடையில மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வர்ற அட்டை பார்டர்) வச்சு போடச் சொல்லுங்க, கண்ணாடி படத்தை நேரா தொட்டா நம்ம ஊரு புழுக்கத்துக்கு ஒட்டிக்கும், பிரிச்சா கலரோட வந்துடும்.