குளிர்காலச் சாலைக்கு எந்தச் சைக்கிள் டயர்? முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு வேறு

இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகளில் செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர்கள் செடிவேலி வெட்டக் கிளம்பிவிடும். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல்வேலிகளை வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. தடை நீங்கியதும் வெட்டத் தொடங்குகிறார்கள். சிதறிய ஹாதார்ன் வேலிச்செடியின் முட்கள் வாரக்கணக்கில் சாலையிலேயே கிடக்கும். தெற்கே கென்ட், சில்டர்ன்ஸ், சவுத் டவுன்ஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மழைநீர் அரித்துக்கொண்டு வரும் சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் சாலையோரத்தில், அதாவது சைக்கிள் போகும் இடத்தில், குவிகின்றன. ஈரம் வேறு அவற்றுக்கு உதவி செய்கிறது: நனைந்த ரப்பரைக் கூர்மையான விளிம்பு எளிதாக வெட்டிவிடும். கோடையில் பஞ்சரே ஆகாத டயர் நவம்பரில் அடிக்கடி காற்றிழப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தப் பருவத்துக்கு டயர் தேடுபவர்கள் பெரும்பாலும் ‘எது பஞ்சர் ஆகாது?’ என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். அதற்கு நிகரான இன்னொரு கேள்வி, ஈரமான வளைவில் எது வழுக்காது என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். தேயாமல் நெடுங்காலம் உழைக்கவேண்டும் என்றால் ரப்பர் கெட்டியாக இருக்கவேண்டும். குளிர்ந்த ஈரத் தாரில் ஒட்டிப் பிடிக்கவேண்டும் என்றால் மென்மையாக இருக்கவேண்டும்.

கெட்டித்தன்மைக்குப் பேர்போனது கான்டினென்டல் நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் டயர். மேற்பரப்புக்கு அடியில் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் பட்டையும், பக்கச்சுவரில் வெட்டைத் தாங்கும் துணி உறையும் உண்டு. இதன் அண்ணனான ஹார்ட்‌ஷெல்லில் அந்தப் பட்டை டயரின் தோள்வரை, அதாவது பக்கச்சுவர் தொடங்கும் இடம்வரை, அகலமாக ஏறுகிறது. இரண்டும் நெடுங்காலம் உழைப்பவை. கிழிந்த பக்கச்சுவரோடு வழியில் நிற்க நேராது என்ற நிம்மதிக்காகவே பலர் இவற்றை விடாமல் வாங்குகிறார்கள். அந்த உழைப்புக்கு விலையாகப் போவது ஈரப்பிடிமானம். இலைச்சருகு படிந்த ஈர வளைவில் கேட்டர்ஸ்கினை நம்பிச் சாய எனக்குத் துணிவில்லை.

அதே நிறுவனத்தின் கிராண்ட் பிரீ ஃபோர் சீசன் வேறு வழியில் போகிறது. சிலிகா கலந்த, பிடிமானம் மிக்க ரப்பர். அடியில் வெக்ட்ரான் இழையில் நெய்த இரண்டு பட்டைகள். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைத் தாங்கிய காற்றுப்பைகள் இதே வெக்ட்ரானால் ஆனவை. பாறையில் மோதி எகிறியும் கிழியாத இழை, கென்ட் கிராமத்து முள்ளுக்கு அத்தனை சீக்கிரம் வழிவிடாது. ஆனால் மேல்ரப்பர் மென்மையானதால் சிறு வெட்டுகள் சீக்கிரமே விழுகின்றன. தேய்மானமும் கேட்டர்ஸ்கினைவிட வேகம். விலையும் கூடுதல். இதற்கு இளையதான ஜிபி (கிராண்ட் பிரீ) 5000 ஆல் சீசன் ட்யூப்லெஸ்ஸாகவும், அதாவது உள்ளே ட்யூப் இல்லாமலும், ஓடும். இன்னும் இலகுவாக உருளும்.

ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. ரப்பருக்கு அடியில் 5 மி.மீ. தடிப்பில் நீலநிற மெத்தை. காகிதம் குத்தும் சாதாரண டிராயிங் பின் தைத்தாலும் ட்யூபைத் தொடாது. 28 மி.மீ. அகலத்திலேயே எடை 600 கிராமைத் தாண்டுகிறது. ஃபோர் சீசன் அதே அளவில் 300 கிராமைக்கூட எட்டாது. மாரத்தான் பிளஸ் மாட்டிய ரோடு பைக், மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிபோல நகரும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புபவர், எட்டு மணிப் பணிநேரத்துக்குத் தாமதிக்கவே முடியாதவர் இதை வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நூறு கிலோமீட்டர் போகிறவர் வாங்கினால் பத்தாவது கிலோமீட்டரிலேயே சலித்துப்போவார்.

ட்யூப்லெஸ்ஸைப் பற்றி இரண்டு வரி. பிரெல்லியின் சின்டுராட்டோ வெலோ போன்ற டயர்களில் சீலண்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றி ஓட்டினால் முள் குத்திய ஓட்டை பெரும்பாலும் நாம் அறியாமலே அடைபட்டுவிடும். சிக்கிமுக்கிக் கல் நீளமாகக் கிழித்தால் சீலண்ட் மட்கார்டுக்குள் பீய்ச்சியடிக்கும். அப்போது விறைத்த விரல்களால் இறுக்கமான டயரைக் கழற்றி ட்யூப் போடவேண்டும். சீலண்ட் சில மாதங்களில் காய்ந்தும் போகும். பராமரிப்பில் ஆசை உள்ளவருக்கு இது நல்ல தேர்வு. மற்றவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கடைக்காரர்கள் சுட்டிக்காட்டும் நீர்வடி பள்ளங்களுக்காகக் கூடுதல் பணம் தரவேண்டாம். சைக்கிள் டயர் சாலையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது, அழுத்தமும் அதிகம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு வெகுமேலே போனால்தான் அது நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். பயன் தருவது அகலம். ஃப்ரேமும் மட்கார்டும் இடம் கொடுத்தால் 25-ஐ விட்டு 28-க்கோ 32-க்கோ போய், காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பனிக்கட்டி படர்ந்த சாலை தனிக்கதை: அங்கே மேலே சொன்ன எந்த டயரும் உதவாது. ஆணி பதித்த டயர் வேண்டும். அது 30 மி.மீ.க்குக் கீழே எளிதில் கிடைக்காது; பெரும்பாலான ரோடு பைக்குகளில் நுழையாது. வீட்டிலேயே இருப்பது மலிவு.

எதை வாங்குவது? இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் போடவேண்டும் என்ற வழக்கத்தை விட்டாலே பாதிக் குழப்பம் தீரும். பஞ்சர் அதிகம் ஆவது பின்சக்கரத்தில்: உடல் எடையின் பெரும்பங்கை அதுதான் சுமக்கிறது, முன்சக்கரம் கிளறிவிட்ட கல்லும் முள்ளும் அதன் வழியில்தான் வந்து விழுகின்றன. விழுந்து தோள்பட்டை எலும்பு முறிவது பெரும்பாலும் முன்சக்கரம் வழுக்குவதால். பின்சக்கரம் வழுக்கினால் பலநேரம் சமாளித்துவிடலாம். ஆகவே முன்னால் ஃபோர் சீசன், பின்னால் கேட்டர்ஸ்கின், இரண்டும் 28 மி.மீ. பின்னால் பஞ்சர் ஆனால் பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே வேகத்தில் தேயாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஓட்டும் விசை முழுவதும் பின்சக்கரத்தின் வழியாகவே சாலைக்குப் போகிறது; கெட்டி ரப்பராக இருந்தும் பின்டயர்தான் பெரும்பாலும் முதலில் தேய்ந்து தட்டையாகும். தட்டையான அதை ‘இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது’ என்று முன்னால் மாற்றிப் போடாதீர்கள். அக்டோபரில் வாங்கும்போதே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு என்று வாங்கி வைத்துவிடலாம்.