மடக்கு ரைபிளில் .45-70: ரீலோடிங்கில் நான் நிற்கும் இடம்

ஹாண்டி-ரைபிள் 2015-லேயே தயாரிப்பில் இருந்து போய்விட்டது. ஆனாலும் கைமாறிக் கைமாறி இன்னும் பலரிடம் இருக்கிறது. குழலை மடக்கி, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூடி, ஹாமரை இழுத்துச் சுடும் எளிய ரைபிள். என்னிடம் இருப்பது .45-70 என்ற பெரிய தோட்டாவுக்காக 22 அங்குலக் குழலோடு வந்தது. பல வேட்டைப் பருவங்களாக அதில் ரீலோடிங் செய்து, அதாவது கேஸ் என்ற பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து நானே அடைத்த தோட்டாக்களைத்தான் சுடுகிறேன். ட்ரிகர் கொஞ்சம் கனம், ஸ்டாக் சாதாரண மரம். நூறு கஜத்தில் மானுக்கு வேண்டிய துல்லியம் தாராளமாக இருக்கிறது. இதையெல்லாம் விட என்னிடம் அதிகம் பேர் கேட்பது, "இதுல எவ்வளவு வரைக்கும் மருந்து ஏத்தலாம்?" என்பதைத்தான்.

.45-70 பிறந்தது 1873-இல், ட்ராப்டோர் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ரைபிளுக்காக. அந்தப் பழைய துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் எஸ்ஏஏஎம்ஐ (தோட்டாக்களுக்கு அளவு விதிக்கும் அமெரிக்க அமைப்பு) இதற்கு வைத்த உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மட்டுமே. ரீலோடிங் கையேடுகள் பலவற்றில் இந்தத் தோட்டாவுக்கு மூன்று பகுதிகள் இருக்கும்: ட்ராப்டோருக்கு ஒன்று, நெம்புகோலால் இயங்கும் நவீன லீவர் ஆக்‌ஷனுக்கு ஒன்று, ரூகர் நம்பர் 1 போன்ற வலுவான துப்பாக்கிகளுக்கு ஒன்று. குழப்பம் இந்த மூன்றாம் பகுதியில்தான். ரூகரும் ஒற்றைத் தோட்டா, நம்முடையதும் ஒற்றைத் தோட்டா, அப்புறம் என்ன என்று நினைக்கத் தோன்றும். ரூகரில் கனமான எஃகுக் கட்டை ஒன்று செங்குத்தாக ஏறி சேம்பரின் (குழலில் தோட்டா அமரும் குழி) பின்புறத்தை அடைக்கிறது. மடக்கு ரைபிளில் குழலைப் பிடித்து வைத்திருப்பவை பூட்டிப் பிடிக்கும் ஒரு லாட்சும், குழல் மடங்கும் ஒரு ஹிஞ்ச் பின்னும் மட்டுமே. மூன்றாம் பகுதி நமக்கானது இல்லை.

குழல் பொருந்தும் உடல்பகுதியான பிரேமையும் பார்க்க வேண்டும். ஹாண்டி-ரைபிள் பிரேமில் எஸ்பி1, எஸ்பி2 என்று இரண்டு வகை உண்டு. ஷாட்கன் போன்ற குறைந்த அழுத்தத்துக்கு எஸ்பி1, உயர் அழுத்த ரைபிள் தோட்டாக்களுக்கு எஸ்பி2. குழல் பொருந்துகிறதே என்று ஷாட்கன் பிரேமில் ரைபிள் குழலை மாட்டிச் சுடவே கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். லாட்சையும் பிரேமையும் தள்ளுவது அழுத்தம் மட்டும் இல்லை. அழுத்தத்தைக் கேஸின் அடிப்பரப்பால் பெருக்க வேண்டும். வெளிவிட்டத்தை வைத்து உத்தேசமாகப் போட்டால், .45-70-இன் அடிப்பரப்பு 0.2 சதுர அங்குலம். 28,000 பிஎஸ்ஐ-யில் 5,600 பவுண்டு தள்ளுவிசை. 55,000 பிஎஸ்ஐ-யில் ஓடும் .223 என்ற சிறிய தோட்டா தருவது சுமார் 6,100 பவுண்டு. பாதி அழுத்தத்திலேயே .45-70 கிட்டத்தட்ட அதே விசையைக் கொடுத்துவிடுகிறது. 40,000-க்கு ஏற்றினால் 8,000 பவுண்டு.

இதே பிரேமில் .308 என்ற உயர் அழுத்தத் தோட்டாவும் வந்ததே, அது 10,000 பவுண்டைத் தாண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிரேம் தாங்குகிறது என்பது பாதிப் பதில். .45-70-க்குச் சேம்பர் அகலமாகக் குடையப்படுவதால் சுற்றியுள்ள குழல் சுவர் அந்த அளவுக்கு மெலிகிறது. அதனால் ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட முடியாது.

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது அழுத்த அறிகுறிகளை. போல்ட் ரைபிளில் (போல்ட் என்ற தண்டால் பின்புறத்தை மூடும் வகை) ப்ரைமர் (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகும், போல்ட் தூக்கக் கனக்கும். அந்த ப்ரைமரும் பித்தளையும் 60,000 பிஎஸ்ஐ-யைத் தாங்கும் தோட்டாக்களிலும் இருப்பவைதான். .45-70-இல் 28,000 தாண்டி, 40,000 தாண்டினாலும் அவை முகம் சுளிக்காது. ப்ரைமர் அழகாக இருக்கிறது என்பதற்காக இன்னும் அரை கிரெயின் (மிகச் சிறிய எடை அளவு) மருந்து ஏற்றுவது மிக ஆபத்தான பழக்கம்.

என் ட்ராப்டோர் மட்டத் தோட்டாவைச் சுட்டு எடுத்துப் பார்த்தால், கேஸ் வாயிலிருந்து கீழே கொஞ்ச தூரம் கரி படிந்திருக்கும். சில சமயம் ப்ரைமர் மயிரிழை அளவு வெளியே துருத்தி நிற்கும். புதியவர்கள் இதைப் பார்த்து அழுத்தம் கூடிவிட்டது என்று பயப்படுகிறார்கள். உண்மை நேர் எதிர். சேம்பர் சுவரோடு கேஸை இறுக ஒட்டவைக்கவோ, கேஸைப் பின்னால் தள்ளி ப்ரைமரைத் திரும்ப உள்ளே அமர்த்தவோ அந்த அழுத்தம் போதவில்லை.

மடக்கு ரைபிள் உண்மையாகவே எச்சரிப்பது வேறு விதத்தில். சுட்டவுடன் குழல் தானாகத் திறந்துகொள்வது, கேஸ் ஒட்டிக்கொண்டு வர மறுப்பது, மூடியபின் லேசான ஆட்டம். தானாகத் திறந்தால் முதலில் லாட்ச் அமரும் விளிம்பில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். சேம்பரும் அப்படியே. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கேஸ் சுவரைப் பற்றாமல் முழு விசையையும் பின்னால் தள்ளிவிடும். அதன் பிறகும் இந்த அறிகுறிகள் நீடித்தால் அந்தத் தோட்டாக்களை அப்படியே ஒதுக்கி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்.

அதற்கு முன்பே எச்சரிக்கும் கருவி, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். கையேட்டின் மருந்தளவிலேயே கையேட்டை விட வேகம் கூடுதலாக வந்தால், அதுவும் என்னுடையதைப் போன்ற குட்டைக் குழலில் வந்தால், அழுத்தமும் கூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது. மருந்துப் பவுடர் டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் மாறினாலும், கேஸ் வேறு கம்பெனியாக இருந்தாலும், கையேட்டின் ஆரம்ப அளவுக்கே இறங்கி அங்கிருந்து மறுபடி தொடங்குகிறேன். கேஸின் சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே இடம் குறையும், அதே மருந்தில் அழுத்தம் ஏறும்.

இன்னொன்று, இந்தப் பெரிய கேஸில் வேகமாக எரியும் பவுடரைக் கொஞ்சமாகப் போட்டால், தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வெளியே வழியாது. அதனால் கேஸை நன்றாக நிரப்பும் பவுடர்களையே தேர்வு செய்கிறேன். குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

நான் நிற்கும் இடம் 405 கிரெயின் குண்டு, விநாடிக்குச் சுமார் 1,300 அடி. கையேட்டின் முதல் பகுதிக்குள்ளேயே இது கிடைக்கிறது. 150 கஜத்துக்குள் மானுக்கு இதற்கு மேல் ஒரு அடி வேகமும் தேவைப்பட்டதில்லை. ஏழு பவுண்டு ரைபிளில் தோளுக்கும் இது போதும். இன்னும் தூரமாகச் சுட வேண்டும் என்பவர்கள் .45-70-ஐ ஏற்ற வேண்டாம், .308 வாங்கிக்கொள்ளுங்கள்.