அங்கோர் வாட் டிக்கெட்டைக் கடைத்தெருவில் வாங்காதீர்கள், 186 டாலர் போய்விட்டது

கம்போடியாவில், அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. 186 டாலர்.

முந்தாநாள் சாயங்காலம் பழைய சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், டுக்டுக் (நம்மூர் ஆட்டோ மாதிரி), படகுச் சவாரி, பஸ் டிக்கெட் எல்லாம் ஏற்பாடு செய்து தரும் ஒரு சின்னக் கடை. அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்க டிக்கெட் எங்கே வாங்குவது என்றுதான் கேட்டோம். அந்த ஆள் முதலில் அம்மாவுக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். அப்புறம் தன் போனில் அதிகாரபூர்வ விலையைத் திறந்து காட்டினான்: 1 நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62, 7 நாளுக்கு 72. "அதே விலைதான், எனக்கு டுக்டுக்காரர் கமிஷன் கொடுத்துவிடுவார், அம்மா முட்டிவலியோடு எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்" என்றான். அங்கேதான் விழுந்தேன். ஐந்து டாலர் கூடுதலாகக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். மூன்று பேரையும் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தான், டிக்கெட்டில் நம் முகம் அச்சாகும் என்பது ஏற்கெனவே தெரிந்ததால் அது இன்னும் நம்பிக்கையைக் கொடுத்தது. 62 வீதம் மூன்று பேருக்கு 186, ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். இரவு வாட்ஸ்அப்பில் எங்கள் படம், தேதி, க்யூஆர் குறியீடு எல்லாம் போட்டு மூன்று டிக்கெட் வந்தது.

விடிவதற்கு முன்னால் சோதனைச் சாவடியில் ஸ்கேன் செய்த பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு "இது நாங்கள் கொடுத்த டிக்கெட் இல்லை" என்றார். "இவ்வளவு தூரம் வந்து வாசலில் நிற்க வைத்துவிட்டானே" என்று அம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. மேற்கு வாசலில் இருக்கும் எட்டுக் கை விஷ்ணுவை, இந்த ஊர்க்காரர்கள் தா ரீச் என்று இன்றும் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடும் அந்தச் சிலையைப் பார்க்கத்தான் அம்மா கிளம்பி வந்ததே. டுக்டுக்காரர்தான் பாவம், 60ஆம் தெருவில் உள்ள அதிகாரபூர்வ டிக்கெட் மையத்துக்குத் திருப்பி அழைத்துப் போனார். மறுபடி 186 டாலர். நாங்கள் கோயிலுக்குப் போனபோது சூரியன் கோபுரத்துக்கு மேலே ஏறிவிட்டது.

கடையில் கேட்டால், முதலில் "முதலாளி இல்லை, சாயங்காலம் வாங்க". சாயங்காலம் போனால் "சிஸ்டம் கோளாறு, ஏழு நாளில் கார்டில் பணம் ஏறிவிடும்". நான் கொடுத்தது ரொக்கம், எந்தக் கார்டில் ஏறும்? ரசீதைக் காட்டினேன், அதில் "சுற்றுலா சேவை 186" என்றுதான் இருக்கிறது, டிக்கெட் என்ற வார்த்தையே இல்லை, எழுதும்போதே திட்டம் போட்டு எழுதியிருக்கிறான். படம் எடுத்த ஆள் இங்கே வேலை பார்க்கவே இல்லையாம்! வாட்ஸ்அப்பில் ஐந்து முறை கேட்டேன், நீல டிக் விழுந்தது, பிறகு பிளாக் செய்துவிட்டான். ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் சிரித்துக்கொண்டே "சாரி" என்கிறார்கள்.

வருபவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டிக்கெட்டை அந்த மையத்தில் நேராகவோ அதிகாரபூர்வ இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள், முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிடலாம், கூட்டமும் அவ்வளவு இருக்காது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

நாளை மதியம் விமானம். காலையில் கடை திறந்ததும் டுக்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போகிறேன்.