மொறுமொறு சிக்கன் கட்லெட்: வாணலியா, ஓவனா, ஏர் ஃப்ரையரா?

நெஞ்சுக்கறியைத் தட்டிப் பரப்பி, மைதா, முட்டை, பிரெட் தூள் என வரிசையாகப் புரட்டிச் செய்யும் கட்லெட்டுக்கு மொறுமொறுப்புதான் உயிர். எதில் சமைக்கலாம் என்று கேட்டால் நான் வாணலியைத்தான் சொல்வேன். மற்ற இரண்டும் மோசமில்லை, ஆனால் வாணலிக்குச் சமம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மேலே இருக்கும் தூள் ஈரம் வற்றிப் பொன்னிறமாவதும், உள்ளே கறி 74 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். 1 செ.மீ. கனத்துக்குத் தட்டிய கறி சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். எண்ணெய் 175 டிகிரியில் இருந்தால் அதற்குள் தூளும் சிவந்துவிடும். சூடான காற்று எண்ணெயைவிட மெதுவாகத்தான் சூட்டை ஏற்றும். அதனால் ஓவனில் நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கறி வறண்டுவிடுகிறது.

வாணலியில் எண்ணெயை நிரப்ப வேண்டியதில்லை, துண்டின் பாதி உயரம் வந்தால் போதும். போட்டதும் விளிம்பைச் சுற்றிக் குமிழிகள் சடசடவென்று கிளம்ப வேண்டும். ஈரம் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்க அடங்க நிறம் ஏறும். பக்கத்துக்கு 3 நிமிடம் போதும். அவசரப்பட்டு நாலைந்து துண்டுகளை நெருக்கிப் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி, தூள் எண்ணெயைக் குடித்துத் தொளதொளத்துவிடும்.

ஓவனுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: பத்துப் பேருக்கானதை ஒரே முறையில் செய்துவிடலாம். நிறப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. பிரெட் தூளை முதலிலேயே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்துக்கொண்டு, பிறகு கறியில் புரட்டுங்கள். கம்பித் தட்டில் அடுக்கி 220 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் அடிப்பக்கமும் நமுக்காது. இந்த வறுக்கும் வேலையை விட்டுவிட்டு ஓவனைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஏர் ஃப்ரையர் இரண்டு பேருக்குச் சரி. 200 டிகிரி, 10 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். மேலே எண்ணெய் படாத இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகவே நிற்கும் என்பதால் ஸ்ப்ரே அவசியம்.

தூள் விஷயத்தில் என் ஓட்டு பாங்கோ என்ற ஜப்பானிய பிரெட் தூளுக்கு. பெரிய, ஒழுங்கற்ற செதில்கள், இடையிடையே காற்று. ஆவி வெளியேற வழி கிடைப்பதால் மொறுமொறுப்பு நெடுநேரம் நிற்கும். நைசான தூள் நெருங்கி ஒட்டி மெல்லிய, சீரான மேலோடு தரும், ஆனால் சீக்கிரம் இளகும். கார்ன்ஃப்ளேக்ஸ் நன்றாக நொறுங்கும், ஆனால் சர்க்கரை சேர்ந்தது என்றால் சட்டென்று கருகிவிடும். அதை ஓவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் கறியின் ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே மைதாவில் போடுங்கள். புரட்டி முடித்ததும் ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்தால் மேலோடு உரிந்து வராது. பொரித்ததை டிஷ்யூ பேப்பரில் அப்படியே விட்டுவிட்டால் அடியில் ஆவி தேங்கி, பட்ட பாடெல்லாம் வீண். கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மிஞ்சியதைச் சூடாக்க மட்டும் ஏர் ஃப்ரையரை மிஞ்ச எதுவும் இல்லை: 180 டிகிரியில் நாலைந்து நிமிடம், மேலோடு மறுபடி நொறுங்கும்.